பல் பிடுங்கும் கதிரையில் ஒரு நித்திரை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருடத்தில் ஒரு நாள் பல்லுக்காற மிஸ் வருவார். ஒரு மடக்குக் கதிரை, ஒரு தட்டு நிறையப் பளபளக்கும் சாமான்கள், ஒரு ரோச் லைட். அவ்வளவுதான் அவருடைய படை. ஆனால் அந்த வெள்ளை வான் கேற்றுக்குள் நுழைந்தால் போதும், வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுக்குத்து வந்துவிடும்.

அன்றைக்கு என்னுடைய இரண்டாம் வகுப்பின் முறை. ஒருத்தன் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். ஒருத்தி மிஸ்ஸின் விரலைக் கடித்தாள். கிராம்புத் தைல வாசமும் பிள்ளைகளின் அழுகையுமாக அறை நிறைந்திருந்தது.

ஸ்ரெபியின் முறை வந்தது. ஏறினாள். சாய்ந்தாள். "ஆ எண்டு காட்டுங்கோ" என்றார் மிஸ். காட்டினாள். பிறகு வாயை மூடவே இல்லை. அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

"பாத்தீங்களோ மிஸ், நித்திரை மூதேவி! இவளுக்கு எங்கை இருந்தாலும் இதுதான் வேலை," என்று சொல்லிச் சிரித்தேன்.

மிஸ் சிரிக்கவில்லை. ரோச்சை அடித்து உள்ளே பார்த்தார். பிறகு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். தொண்டையின் இரண்டு பக்கமும் நாவற்பழ அளவில் இரண்டு சதைக்கட்டிகள். நடுவில் ஓர் ஈர்க்கு போகுமளவுக்குத்தான் வழி இருந்தது.

"இவள் நித்திரையிலை குறட்டை விடுறவளோ ரீச்சர்?"

"எனக்கெப்பிடி மிஸ் தெரியும்? நான் என்ன, இவையின்ர வீட்டிலையோ படுக்கிறன்?"

வாய் எனக்கு எப்போதும் முன்னுக்கு ஓடும். மூளை பின்னால் மூச்சிரைக்க வரும். அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது, நகரத்துப் பள்ளிக்கூடத்தின் விசேட கல்வி அலகுக்கு மாற்றுங்கள் என்று படிவம் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அனுப்பி அப்போது இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டது வேறு யாருமல்ல, நான்தான்.

ஸ்ரெபி என்னும் தொல்லை

ஸ்ரெபி கடற்கரைப் பிள்ளை. தகப்பன் அன்ரன் களப்பில் இறால் பிடிப்பவர். தாய் ஜெசிந்தா நண்டு துப்புரவாக்கும் இடத்தில் வேலை. மூன்று பிள்ளைகளில் கடைசி இவள். மெலிந்த உடம்பு. எந்நேரமும் திறந்திருக்கும் வாய். கண்ணுக்குக் கீழே கரிக்கோடு.

முதல் பாடத்தில் தூங்குவாள். இரண்டாம் பாடத்தில் எழும்பிப் பக்கத்திலிருப்பவளின் பென்சிலை முறிப்பாள். மூன்றாம் பாடத்தில் மேசைமேல் ஏறி நிற்பாள். இறங்கு என்றால் ஒப்பாரி. காலையில் சொல்லிக்கொடுத்த எழுத்து மத்தியானம் அவளுக்குப் புது எழுத்து. காலையில் எழும்பும்போது பாய் நனைந்திருக்கும் என்பதும் ஊருக்கே தெரிந்த கதை.

நான் சும்மா இருந்தேனா? கற்பித்தல் அனுபவம் பதினெட்டு வருடம்! முன் வாங்கில் இருத்தினேன். பின் வாங்கில் இருத்தினேன். சுவரோடு நிறுத்தினேன். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். குதிரைதான் நின்றுகொண்டு தூங்கும் என்று படித்திருக்கிறேன். அதை வகுப்பிலேயே சொன்னேன். பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஊர் நிறைய நிபுணர்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை குழப்படி செய்தால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.

அதிபர் சொன்னார், "எல்லாம் போன், ரீச்சர். விடிய விடிய கார்ட்டூன் பாக்குதுகள்." அந்த வீட்டில் இருந்தது ஒரேயொரு போன். அதுவும் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு இரவில் அன்ரனோடு களப்புக்குப் போய்விடும். இறாலுக்குத்தான் கார்ட்டூன் காட்ட வேண்டும்.

அயலட்டைச் சனம் கண்ணூறு நாவூறு என்றது. ஜெசிந்தா மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய் வாங்கி நெற்றியில் பூசினார். போதாததற்கு நான், சைவக்காரி, ஒரு பூசாரி ஐயாவுக்குச் சொல்லி அனுப்பி நூலும் கட்டுவித்தேன். கழுத்தில் சிலுவை, கையில் கறுப்பு நூல். இரண்டு பக்கக் காவலுக்கு நடுவில் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

பிறகு உளவளத்துணைக்காரர் வந்தார்கள். எங்களுக்கு அவர்கள் புதியவர்கள் அல்ல. சண்டை முடிந்த நாளிலிருந்து வன்னியில் மழை பெய்யாத வருடம் இருந்திருக்கலாம், பயிற்சிப் பட்டறை நடக்காத வருடம் இல்லை. பெரிய கடதாசி, நாலு நிறத்துப் பேனை, மத்தியானம் சோற்றுப் பார்சல். வந்த அம்மா ஸ்ரெபியைப் படம் கீறச் சொன்னார். அவள் சிவப்புப் பேனையால் ஒரு வட்டம் கீறி அதன்மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள்.

"சிவப்பு," என்றார் அந்த அம்மா கவலையோடு. "போர் வடு."

அன்ரன் வாசலில் நின்றவர் தலையைச் சொறிந்தார். "அம்மா, இவள் பிறக்கேக்கை சண்டை முடிஞ்சு எத்தினையோ வருசமெல்லோ?"

"அது பரம்பரையாக் கடத்தப்படும், ஐயா."

"அப்ப மூத்தது ரெண்டுக்கும் ஏன் கடத்தேல்லை? அதுகள் நல்லாத்தானே படிக்குதுகள்?"

அம்மா அதைக் குறித்துக்கொண்டார். வடு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. இருக்கிறது, எனக்கே இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைக்கு மூக்கொழுகித் தடிமன் வந்தாலும் சண்டையில்தான் காரணம் தேடுவார்கள் போலிருக்கிறது. அந்தச் சிவப்புப் பேனையைக் கொடுத்ததே அவர்தான். மற்ற நிறமெல்லாம் மற்றப் பிள்ளைகள் பறித்துக்கொண்டார்கள்.

இத்தனை நிபுணருக்கும் பிறகு தீர்ப்பு எழுதியது நான். 'கிரகிக்கும் ஆற்றல் மந்தம். நடத்தைப் பிரச்சினை. சாதாரண வகுப்புக்குப் பொருத்தமற்றவர்.' அழகான கையெழுத்து என்று அதிபர் பாராட்டினார். பெற்றோர் ஒப்பமிடும் இடத்தில் ஜெசிந்தா, "ரீச்சர் சொன்னாச் சரியாத்தானே இருக்கும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

விசேட அலகு கேவலமான இடமல்ல. அது தேவைப்படும் பிள்ளைகள் இடம் கிடைக்காமல் காத்திருக்கிறார்கள். ஸ்ரெபி அங்கே போனால் அப்படியொரு பிள்ளையின் இடத்தைப் பிடிப்பாள். தன்னுடைய இடத்தையும் இழப்பாள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், கூடப் போவதற்குத் தாய் வேலையை விட வேண்டும். ஊர்வாய் வைக்கும் பெயரோ சாகும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

பின் வாங்கு எனக்குத் தெரியும்

இந்த இடத்தில் என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அது அநியாயம்.

நான் ஸ்கந்தபுரத்தில் வளர்ந்தவள். அப்பா அம்மா மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு கலவரத்துக்குப் பிறகு லொறியேறி வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு ஒரு வாத்தியார் என்னுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. "தோட்டக்காட்டுப் பிள்ளையோ? பின்னுக்குப் போய் இரு. உங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது." மூன்று வருடம் பின் வாங்கில் இருந்தேன். கரும்பலகை தெரியாது. தெரியவில்லை என்று சொல்லப் பயம்.

அந்த வாத்தியாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறுநறுக்கும். அந்த ஆத்திரத்தில்தான் படித்தேன், ஆசிரியையானேன். ஆகி என்ன செய்தேன்? அவர் வாயால் சொன்னதை நான் மூன்று பிரதியில் எழுதிக் கொடுத்தேன். 'வாத்தியார் பிள்ளை மக்கு' என்பார்கள். வாத்தியாரே மக்காயிருந்தால் என்ன சொல்வது என்று பழமொழி செய்தவர்களுக்குத் தோன்றவில்லை.

குறட்டை விடும் புண்ணியவான்கள்

பல்லுக்காற மிஸ் ஒரு துண்டு எழுதி மாவட்ட வைத்தியசாலையின் காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் போகச் சொன்னார். "வகுப்பு ரீச்சரும் கூடப் போங்கோ, வகுப்பிலை என்ன செய்யிறாள் எண்டு கேப்பினம்," என்று என் தலையிலும் கட்டிவிட்டார்.

பஸ்ஸில் ஜெசிந்தாவிடம் கேட்டேன், "பிள்ளை குறட்டை விடுறவளோ?"

"ஓம் ரீச்சர், நல்லா விடுவாள். தேப்பன் வீட்டிலை நிக்கிற நாளிலை ரெண்டு பேரும் போட்டிக்கு விடுவினம். ஊராக்கள் கொடுத்துவைச்ச பிள்ளை, நல்ல நித்திரை எண்டு சொல்லுவினம்."

கொடுத்துவைத்த பிள்ளை! சிரிக்காதீர்கள். அப்படி நினைப்பதற்கு எங்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்த காலத்தில் கண்ணை மூட எல்லோருக்கும் பயம். அதற்குள்ளே யாராவது குறட்டை விட்டால் பொறாமையாயிருக்கும். 'புண்ணியவான், நித்திரை கொள்ளுறான்' என்போம். அந்தத் தலைமுறைதான் இப்போது தாயும் தகப்பனும் ரீச்சரும். எங்கள் காதுக்குக் குறட்டை ஒரு நல்ல செய்தி. பிள்ளை மூச்சுக்கு அடிபடுகிறது என்று அந்தக் காதுக்கு எப்படி விளங்கும்?

என் மனுசனின் குறட்டையை மட்டும் நான் ஒருநாளும் நல்ல செய்தியாக எடுத்ததில்லை. அது வேறு விசயம்.

போனில் வந்த சாட்சி

டொக்டர் இளம் பெடியன். தானே நாலு நாள் நித்திரை கொள்ளாதவர்போல இருந்தார். தொண்டையைப் பார்த்தார். மூக்குக்குப் பின்னாலும் சதை வளர்ந்திருக்கும்போல என்றார். "பிள்ளை நித்திரை கொள்ளேக்கை போனிலை வீடியோ எடுத்துக்கொண்டு வாங்கோ," என்று அடுத்த கிழமைக்குத் திகதி தந்தார். அன்ரன் போனை ஒரு நாள் வீட்டில் விட்டுவிட்டுக் களப்புக்குப் போனார்.

அந்த வீடியோவைக் கிளினிக்கில், காலை பத்து மணி வெளிச்சத்தில், டொக்டரின் மேசையில் வைத்துப் பார்த்தோம். முதலில் குறட்டை. சின்ன உடம்புக்குள்ளிருந்து பெரிய ஆளின் குறட்டை. பிறகு அது நின்றது. சத்தமே இல்லை. ஆனால் நெஞ்சு மட்டும் உள்ளே இழுபட்டு இழுபட்டு அசைந்தது. வயிறு துடித்தது. மூச்சு உள்ளே போகவில்லை.

டொக்டர் வாய்க்குள் எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொண்டு. பதின்மூன்றில் பிள்ளை விக்கித் துடித்து, கழுத்தை வளைத்து, காற்றை இழுத்தாள். பிறகு திரும்பக் குறட்டை.

ஸ்ரெபி எனக்குப் பக்கத்தில் நின்று தன்னுடைய படத்தைப் பார்த்து, "அது நான்!" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது. என் பாட்டில் எழும்பி யன்னலடிக்குப் போய் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஒவ்வொருக்கா மூச்சு அடைக்கேக்கையும் மூளை தட்டி எழுப்புது," என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். "பிள்ளைக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஒரு இரவுக்கு எத்தினை தரம் எண்டு நினைக்கிறீங்கள்? விடிய எழும்பேக்கை அவள் படுக்காத பிள்ளை மாதிரித்தான்."

"ஆனா டொக்டர், நித்திரைக் களையெண்டால் சோர்ந்துதானே கிடக்க வேணும்? இவள் அடிக்கிறாள், துள்ளுறாள்."

"அது பெரியாக்கள், ரீச்சர். எங்களுக்குக் களைச்சால் விழுந்து படுப்பம். சின்னப் பிள்ளையள் கனபேர் களைச்சால்தான் துள்ளுவினம். கோவம் வரும், அழுகை வரும், ஒண்டிலை மனம் நிக்காது. படிச்சது மனதிலை பதியிறதுக்கும் நித்திரை வேணும். பாயை நனைக்கிறதும் சிலவேளை இதாலைதான்."

"அப்ப மூளையிலை ஒண்டும் பிழையில்லையோ?" என்று ஜெசிந்தா கேட்டார். அவருடைய கை ஸ்ரெபியின் தலையில் இருந்தது.

"அதை இப்ப சொல்லேலாது அம்மா. குழப்படி செய்யிற எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் எண்டுமில்லை. முதலிலை இவளை மூச்சு விட விடுவம். பிறகு மூளையைப்பற்றிக் கதைப்பம்."

அவ்வளவு நிபுணருக்குள்ளும் 'இப்ப சொல்லேலாது' என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

வருடக் கடைசி விடுமுறையில் ஒப்பரேசன் நடந்தது. ஐஸ்கிறீம் சாப்பிடச் சொன்னார்கள் என்று ஸ்ரெபிக்குப் பெருமை. வீட்டுக்கு வந்து தொண்டை ஆறின பிறகு சத்தமில்லாமல் தூங்கத் தொடங்கினாள். ஜெசிந்தாவுக்கு அந்த அமைதி பயமாகிவிட்டது. நாலைந்து இரவு உலுப்பி உலுப்பி எழுப்பியிருக்கிறார். ஐந்தாம் இரவு ஸ்ரெபியே, "அம்மா, படுக்க விடணை!" என்று கத்தினாளாம்.

மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. கணக்கு இன்னும் அவளுக்குக் கஷ்டம்தான். ஆனால் தையில் வகுப்போடு நானும் மூன்றாம் வகுப்புக்கு ஏறி ஒரு மாதத்துக்குள் காலையில் படித்த எழுத்து மத்தியானமும் அவளிடம் இருந்தது. மாசி முடிவதற்குள் சொல் கூட்டி வாசித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்த ஸ்ரெபியின் முகத்தை அப்போதுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சேர்க்கப் படிவம் உண்டு, எடுக்கப் படிவம் இல்லை

அந்த நேரத்தில்தான் கல்வி அலுவலகத்துக் கடிதம் வந்தது. ஸ்ரெபிக்கு விசேட அலகில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, உடனே சமூகமளிக்கவும். எங்கள் இடாப்பிலிருந்து பெயரை வெட்டவும். எங்கள் நாட்டில் வேண்டிய கடிதம் நடந்து வரும், வேண்டாத கடிதம் பறந்து வரும்.

அதிபர் கையை விரித்தார். நானும் ஜெசிந்தாவும் அலுவலகத்துக்குப் போனோம். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான சேர் ஒரு நேர்மையான மனிசன். அதுதான் தொல்லை.

"பேரைச் சேர்க்கிறதுக்குப் படிவம் இருக்கு, ரீச்சர். எடுக்கிறதுக்குப் படிவம் இல்லை."

"டொக்டர்ர துண்டு இருக்கு சேர்."

"அது படிவத்துக்குப் பிறகு வந்தது. டொக்டர் ரெண்டு மூண்டு தரம் பாத்தவர். வகுப்பு ரீச்சர் மாதக்கணக்காப் பாத்து எழுதியிருக்கிறா, மந்தம் எண்டு. நான் ஆரை நம்புறது?"

வகுப்பு ரீச்சர் டொக்டரின் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். சேரே தொடர்ந்தார்.

"படிவம் வாறதுக்கு முதலே பிள்ளைக்கு இந்த மூச்சு வருத்தம் இருந்தது எண்டு எழுத்திலை ஏதும் இருந்தாக் கொண்டு வாங்கோ. படிவம் தவறுதலா நிரப்பினது எண்டு எழுதிச் சமர்ப்பிக்கிறன்."

"அப்பிடி ஒண்டும் இல்லையே சேர்," என்றேன்.

வெளியே வந்தோம். பஸ்தரிப்பில் ஜெசிந்தா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

"நான் எழுதித் தந்தனான் ரீச்சர். லீவுக் கடிதத்திலை. நீங்கள் ஒண்டும் சொல்லாததாலை பயப்பிடத் தேவையில்லையாக்கும் எண்டு இருந்திட்டன்."

பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் அடுத்த நாள் தாய் தகப்பன் கடிதம் கொடுத்துவிட வேண்டும். அது எங்கள் பள்ளிக்கூடத்துக் கண்டிப்பான சட்டம். கடிதம் வராவிட்டால் பிள்ளையை வாசலில் நிறுத்துவேன். வந்த கடிதங்களையெல்லாம் கோவையில் குத்தி அலுமாரியில் வைப்பேன். அந்தக் கோவையை எடுத்துப் புரட்டினேன். ஜெசிந்தாவின் கடிதங்கள் நாலு. கோடு போட்ட கொப்பித்தாள், பென்சில் எழுத்து. முதலாவது, பழைய வருடத்தின் முதல் தவணையில், பள்ளிக்கூடம் தொடங்கி மூன்றாம் கிழமையில் எழுதியது.

'என் மகள் இரவு நித்திரையில் மூச்சு நின்று நின்று எடுக்கிறாள். பயத்தில் பக்கத்தில் விழித்திருந்தேன். காலையில் அவளை எழுப்ப முடியவில்லை. நேற்று வராததற்கு லீவு கேட்கிறேன். என்ன செய்யலாம் என்று ரீச்சர் சொன்னால் நல்லது.'

நாலு கடிதத்திலும் அதுதான். நாலின் கீழேயும் என்னுடைய சிவப்புப் பேனையால் ஒரு பெரிய சரி அடையாளம். பக்கத்தில் சுருக்கொப்பம், திகதி.

அந்தக் கோவையைக் கொண்டுபோனால் பிள்ளை தப்பும். கொண்டுபோகாவிட்டால் நான் தப்புவேன். ஒளித்துவிடலாமோ என்று ஒரு எண்ணம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். வந்தது.

அடுத்த நாள் ஸ்ரெபியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேராகப் போனோம். அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை அவள் விரல் வைத்து எழுத்துக்கூட்டி, கட்டடம் அதிர, "அ-மை-தி பே-ண-வும்!" என்று வாசித்தாள். சேர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். பிறகு கோவையை இழுத்து முதற்கடிதத்தை வாசித்தார். இரண்டாவதை வாசித்தார். நாலையும் ஆற அமர வாசித்து முடித்தார்.

"இந்தக் கையெழுத்து?"

"என்ரதான் சேர்."

"சரி போட்டிருக்கிறீங்கள். அப்ப வாசிச்சனீங்கள்தானே?"

ஜெசிந்தா என்னைப் பார்க்காமல் மகளின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை சேர்," என்றேன். "சரி மட்டும்தான் போட்டனான்."